பைன்ஃபோன் உறக்கநிலையில் இருக்கும்போது அழைப்பு மணி ஒலிப்பதில்லை: அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவி தேவை

கேள்வி

வணக்கம். 3 ஜிபி நினைவகம் கொண்ட பைன்ஃபோன் என்னும் லினக்ஸ் கைபேசியில் மோபியன் இயங்குதளத்தையும் ஃபோஷ் என்னும் தொடுதிரை இடைமுகத்தையும் நிறுவி, ஆண்ட்ராய்டு கைபேசியை முற்றிலும் விட்டுவிடும் எண்ணத்தில் பயன்படுத்தி வருகிறேன். வெளியில் இருக்கும்போது அது எனக்குத் தொலைபேசி. அலுவலக மேசையில் டாக் (இணைப்புப் பெட்டி) வழியாக மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை இணைத்தால் அதுவே கணினி.

முதன்மையான சிக்கல் அழைப்புகளில்தான் இருக்கிறது. கைபேசி உறக்கநிலைக்குப் போனபின் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தவறிவிடுகின்றன. திரை ஒளிர்கிறது, ஆனால் மணி ஒலிப்பதற்குள் அழைத்தவர் வைத்துவிடுகிறார், சில வேளைகளில் தவறிய அழைப்பு என்றுகூடப் பதிவாவதில்லை. உறக்கநிலையை நிறுத்தி வைத்தால் எல்லா அழைப்புகளும் ஒழுங்காக வருகின்றன, ஆனால் காலையில் முழுதாக ஏற்றிய மின்கலம் மதிய உணவு வேளையிலேயே தீர்ந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் வழி ஏதேனும் உண்டா?

இவற்றோடு, மானிட்டரில் உலாவியும் விரிதாளும் ஒன்றாகத் திறந்திருந்தால் கைபேசி உறைந்துபோகிறது. யுபிஐ பணப்பரிமாற்றத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

சிம் எந்த நிறுவனத்தினுடையது என்பதை முதலில் சொல்லுங்கள். இந்தியாவில் இது முக்கியமான கேள்வி. ஜியோவிடம் 2ஜி, 3ஜி வலையமைப்புகள் கிடையாது என்பதால், வோல்டி (4ஜி வழியே குரல் அழைப்பு) இயங்காத கைபேசியில் அந்த சிம்மைப் போட்டால் இணையம் வரும், குரல் அழைப்பு வராது. 2ஜி வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம்மில், வோல்டி இல்லாவிட்டாலும் அழைப்பின்போது மோடம் (கைபேசி வலையமைப்போடு பேசும் உறுப்பு) 4ஜி-யிலிருந்து 2ஜி-க்கு இறங்கிப் பேச்சை நடத்தும். இறங்குவதற்குச் சில நொடிகள் கூடுதலாகப் பிடிக்கும்.

அடுத்து, கைபேசியை உறங்கவிட்டு, வேறொரு எண்ணிலிருந்து அழைத்து, உடனே சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகிக்கும் லினக்ஸ் மென்பொருள்) பதிவேட்டைப் பாருங்கள். கெர்னல் (இயங்குதளத்தின் கரு) விழித்த நேரத்துக்கும் மோடத்தை இயக்கும் சேவையான மோடம்மேனேஜர் மோடத்தைக் கண்டறிந்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

2ஜி சேவையும் உள்ள நிறுவனத்தின் சிம்தான். விழித்திருக்கும்போது பேசுவதில் குறையில்லை. தாங்கள் சொன்னபடி பதிவேட்டைப் பார்த்தேன். கெர்னல் உடனே விழித்துக்கொள்கிறது, ஆனால் யுஎஸ்பி-யில் மோடம் துண்டிக்கப்பட்டதாகவும் பிறகு புதிதாக இணைக்கப்பட்டதாகவும் வரிகள் வருகின்றன. மோடம்மேனேஜர் அதைப் புதிய மோடமாகக் கருதி முதலிலிருந்து தொடங்குகிறது. அது தயாராவதற்குள் மணி ஓய்ந்துவிடுகிறது.

மறுமொழி 2

அப்படியானால் காரணம் தெளிவு. பைன்ஃபோனில் இரண்டு கணினிகள் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கும். நாம் மோபியனை நிறுவியிருப்பது ஆல்வின்னர் ஏ64 சிப்பில். குவெக்டெல் ஈஜி25-ஜி மோடத்துக்குள்ளே ஒரு குவால்காம் சிப்பும் அதில் தனியாக ஓடும் இன்னொரு லினக்ஸும் இருக்கின்றன. இரண்டும் உள்ளே யுஎஸ்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. உறக்கநிலையில் ஏ64-இன் நான்கு கோர்களும் அணைந்து, நினைவகம் மட்டும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் காவல் காப்பது கிரஸ்ட் என்னும் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்), அதே சிப்பில் உள்ள சிறு துணைச் செயலகத்தில் ஓடுவது. மோடம் அப்போதும் இயக்கத்தில்தான் இருக்கிறது. அழைப்பு வந்ததும் மணி அறிவிப்புக்கென்று உள்ள தனிக் கம்பியில் அது துடிப்பு ஒன்றை அனுப்பி ஏ64-ஐ எழுப்புகிறது. இதுவரை உங்கள் கைபேசி சரியாகவே நடந்துகொள்கிறது.

பிசகு அதற்குப் பிந்தைய கட்டத்தில் நிகழ்கிறது. விழித்தெழும் கெர்னலுக்கு யுஎஸ்பி-யில் மோடம் தொடர்ந்து இருப்பதாகத் தெரிந்தால் அழைப்பு உடனே மணியடிக்கும். புதிதாகச் செருகியதுபோல் தெரிந்தால் மோடம்மேனேஜர் சிம்மைப் படிப்பது முதல் அனைத்தையும் மீண்டும் செய்யும். இதைத் தவிர்ப்பதற்காகவே மோடம்மேனேஜரில் விரைவு உறக்கம், விரைவு விழிப்பு என்னும் தெரிவு சேர்க்கப்பட்டது. அதன் சேவைக் கோப்பில் (அதை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டி-க்குச் சொல்லும் கோப்பு) அந்தத் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் சேர்த்துச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ஈஜி25-மேனேஜர் என்னும் துணைச் சேவையும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனெனில் மணிக்கம்பியின் துடிப்பு அமைப்பையும் உறங்கப் போகுமுன் மோடத்தைத் தயார்செய்யும் வேலையையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் துண்டிப்பு தொடர்ந்தால், மோடத்துக்கென ஆர்வலர்கள் எழுதிய மாற்று ஃபர்ம்வேரை முயலலாம். அது மோடத்துக்குள் ஓடும் லினக்ஸ் பகுதியை மட்டுமே மாற்றுகிறது. ரேடியோவை ஆளும் பகுதி முன்போலவே மூடிய மென்பொருளாகத்தான் இருக்கும். ஆனால் அதை நிறுவும்போது மின்சாரம் தடைபடக் கூடாது என்பதால், முதலிரண்டையும் முடிக்காமல் இதில் கைவைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இடையில் ஒருவர்

இழையைத் திசைதிருப்புவதாக எண்ண வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பழைய பைன்ஃபோன் ஒன்றை வாங்கினேன். அதே வகை டாக்கில் மின்னேற்றம் ஆகிறது, மானிட்டரில் மட்டும் படமே வருவதில்லை. அமைப்பில் எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 2

பின்மூடியில் என்ன சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். யுபிபோர்ட்ஸ் (உபுண்டு டச் இயங்குதளக் குழு) சின்னம் என்றால் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை 1.2 வகை, 2020-இல் வந்த அந்தத் தொகுதியில் யுஎஸ்பி-சி வழியாகப் படம் போகாத குறை வன்பொருளிலேயே இருந்தது, அடுத்து வந்த போஸ்ட்மார்கெட்ஓஎஸ் (இன்னொரு லினக்ஸ் இயங்குதளம்) பதிப்பின் 1.2ஏ பலகையில்தான் அது திருத்தப்பட்டது. எந்த மென்பொருள் அமைப்பும் இதைச் சரிசெய்யாது. பலகையில் மிகச் சிறிய உறுப்புகளை அகற்றும் சால்டரிங் வேலை தேவைப்படும். கைபேசி பழுதுபார்ப்பில் நுண்ணோக்கி வைத்து வேலை செய்பவரிடம் கொடுப்பதே நல்லது.

மறுமொழி 3

தொடங்கியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏ64-இல் இருப்பவை நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கோர்கள், வரைகலைக்கு மாலி-400. இரண்டுமே பைன்ஃபோன் வெளிவந்தபோதே பழையவை. அதன்மீது முழு அகல மானிட்டரையும் ஓட்டும்போது, இன்றைய இணையதளங்கள் இரண்டு மூன்றைத் திறந்தாலே நினைவகம் நிரம்பிவிடும். சீரேம் (நினைவகத்தில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள்; உறைவதைத் தடுக்காவிட்டாலும் தள்ளிப்போடும். விரிதாளுக்கு லிப்ரெஆஃபிஸை விட நியூமெரிக் மிக இலகுவானது. ஆனால் அலுவலகத்திலோ வீட்டிலோ ஒரு லினக்ஸ் கணினி இருக்குமானால், கனமான வேலையை அங்கேயே ஓடவிட்டு, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் முறை) வழியாகவோ ரெம்மினா (தொலைக் கணினியின் திரையைக் காட்டும் செயலி) வழியாகவோ அதை இங்கிருந்து இயக்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். உரை எழுதுவது, முனையத்தில் வேலை செய்வது, மின்னஞ்சல் ஆகியவற்றை மட்டும் கைபேசியிலேயே வைத்திருக்கிறேன்.

யுபிஐ பற்றி வீண் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. லினக்ஸில் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்டில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும், ஆனால் அது தனித்துப் பிரிக்கப்பட்ட ஒரு கொள்கலனுக்குள் ஓடுவதால் மோடத்தை அணுகாது. யுபிஐ செயலிகளோ பதிவின்போது அதே சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கின்றன. அந்தப் படியிலேயே நின்றுவிடும். வங்கியின் இணையதளத்தில் நுழைந்து, குறுஞ்செய்தியில் வரும் கடவுஎண்ணைக் கொண்டு பணம் அனுப்புவதில் தடையில்லை. எண்தட்டில் நட்சத்திரம் 99 ஹேஷ் (*99#) என்று தட்டிப் பட்டியலிலிருந்து தேர்ந்து பணம் அனுப்பும் சேவையும் உண்டு. அதற்குச் செயலியோ இணையமோ வேண்டாம், ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு. தேநீர்க் கடையில் க்யூஆர் அட்டையின் முன்னால் நின்றுகொண்டு அந்தப் பட்டியலில் எண் எண்ணாகத் தட்டுவதற்குச் சில்லறை வைத்திருப்பது மேல்.

வாட்ஸ்ஆப் வேண்டுமென்றால் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை வீட்டில் வைத்து, உலாவியில் இணைத்த சாதனமாகப் பயன்படுத்துங்கள். அந்தப் பழைய கைபேசியை 14 நாட்களுக்கு ஒருமுறையாவது திறக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மோடம்மேனேஜரின் சேவைக் கோப்பில் அந்தத் தெரிவு இல்லை. சேர்த்தபின் பதிவேட்டில் மோடம் புதிதாக இணைந்ததாக வரும் வரிகள் நின்றுவிட்டன. இப்போது உறக்கத்திலிருந்தும் அழைப்பு மணியடிக்கிறது. சமிக்ஞை வலுவிழந்த இடங்களில் மட்டும் எப்போதாவது தவறுகிறது. அதை 2ஜி-க்கு இறங்கும் தாமதத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். மாற்று ஃபர்ம்வேருக்கு இப்போதைக்குப் போகவில்லை. பணம் அனுப்புவதற்கு வங்கி இணையதளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அழைப்புக்கு விழிக்கும் கைபேசி, நான் வைத்த காலை அலாரத்துக்கு விழிப்பதில்லை. அதுவும் மோடம் தொடர்பானதா?

மறுமொழி 2

இல்லை. அலாரத்துக்கு மோடத்தோடு தொடர்பில்லை. ஏ64-இல் உள்ள நிகழ்நேரக் கடிகாரத்திடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் அது உறக்கத்திலிருந்து எழுப்பும். கடிகாரச் செயலி அப்படிச் சொல்லாவிட்டால், அலாரம் நீங்கள் கைபேசியை எடுக்கும்போதுதான் ஒலிக்கும். சிஸ்டம்டி-யில் அமைப்பளவிலான டைமர் கோப்பு ஒன்றை எழுதி, அதில் கணினியை எழுப்பும் தெரிவை ஆம் என்று வையுங்கள். வேண்டிய நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக அது எழுப்பட்டும், மணியடிப்பதைக் கடிகாரச் செயலி பார்த்துக்கொள்ளும். தானியங்கி உறக்கத்துக்கான காத்திருப்பு நேரம் அந்த ஒரு நிமிடத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையேல் மணியடிக்குமுன் கைபேசி மறுபடியும் உறங்கிவிடும்.