புதுப்பிப்பு: ஏற்காடு மழைமானியின் பாயிண்டர் சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து மழைமானிக்கு அடா மொழியில் நிரல் எழுதுகிறேன், மழை அளவு, பேட்டரி நிலை என எந்த ரெக்கார்டையும் (தரவுத் தொகுப்பையும்) சுட்டும் பாயிண்டர்களை, அதாவது நினைவக இடத்தைக் காட்டும் மாறிகளை, வைக்க ஒரே வரிசை வேண்டும், எந்த வகைத் தரவையும் சுட்டும் சி மொழியின் வாய்டு பாயிண்டர் மாதிரி. அதுவரை சிஸ்டம்.அட்ரஸ் (தரவு வகை தெரியாத வெறும் நினைவக முகவரி) வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதைத் தூக்கிவிட்டேன். நீங்கள் சொன்னபடி வரிசையை ஜெனரிக் பேக்கேஜாக (தரவு வகையைப் பிறகு நிரப்பும் பொது அச்சாக) எழுதி, ஒவ்வொரு ரெக்கார்டு வகைக்கும் தனியாக இன்ஸ்டன்ஷியேட் செய்தேன், அதாவது அந்த வகைக்கென ஒரு பிரதி உருவாக்கினேன். அன்று மாலையே பலன் தெரிந்தது. பேட்டரி பாயிண்டரை மழை வரிசையில் போட்டிருந்த வரியைக் கம்பைலர் பிடித்தது. இத்தனை நாள் வோல்டேஜும் மழைக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது!

அப்புறம், ப்ரொசீஜருக்குள் (துணை நிரலுக்குள்) இருந்த மாறியை அலையஸ்டு (பாயிண்டரால் சுட்டத்தக்கது) என்று அறிவித்தும், அதற்கு ஆக்சஸ் (அதைச் சுட்டும் பாயிண்டர்) எடுக்கக் கம்பைலர் விடவில்லை. பாயிண்டர் வகை பேக்கேஜ் அளவில் இருக்கிறது. மாறியோ ப்ரொசீஜர் முடிந்ததும் போய்விடும். மறுத்தது முழுக்க நியாயம். (மொழியின் பழைய பதிப்பான அடா 83-இல், ஓடும்போது நினைவகம் ஒதுக்கும் நியூ மூலம் உருவாக்கியதை மட்டுமே சுட்டலாம், அலையஸ்டு வந்ததே அடா 95-இல்தான்.) இந்தச் சோதனையைத் தவிர்க்கும் அன்செக்டு_ஆக்சஸ் போட்டுத் தப்பிக்க மனம் வரவில்லை. ரெக்கார்டுகளைப் பேக்கேஜ் அளவிலேயே ஓர் அர்ரேயாக வைத்துவிட்டேன். நினைவகத்தை விடுவிக்கும் வேலையும் இல்லாமல் போனது.

நாளை சேலத்திலிருந்து மேலே போய்ப் புது நிரலை ஏற்றுகிறேன்.