பைகார்பனேட்டில் பாரா-நைட்ரோஃபீனால் ஏன் பொங்கலை?

பாளை_பிளஸ்டூ
எத்தனால், ஃபீனால், பாரா-நைட்ரோஃபீனால், அசிட்டிக், பென்சாயிக், ஃபார்மிக். இதுல அமிலத்தன்மை வரிசை என்ன? நைட்ரோ சேர்ந்தா அமிலத்தன்மை கூடும்னா பைகார்பனேட்டில் பொங்கணும்ல? மஞ்சளா மட்டும் மாறுதே.

வண்ணார்பேட்டை_வேதி
தம்பி, பி.கே.ஏ. (அமில வலுவைக் காட்டுற எண், குறைய குறைய வலு கூடும்) மதிப்பைப் பாருங்க: எத்தனால் 16, ஃபீனால் 10, பாரா-நைட்ரோஃபீனால் 7.15, அசிட்டிக் 4.76, பென்சாயிக் 4.20, ஃபார்மிக் 3.75. ஒரு எண் இறங்கினா பத்து மடங்கு வலு. அப்போ எத்தனாலைவிட ஃபீனால் பத்து லட்சம் மடங்கு.

புரோட்டான் போனபின் மிஞ்சுற எதிரயனியில்தான் விஷயம். எத்தாக்சைடில் மின்சுமை முழுக்க ஒரே ஆக்சிஜன்மேல. ஃபீனாக்சைடில் வளையத்தோட ஆர்த்தோ, பாரா கார்பன்களுக்குப் பரவும். கார்பாக்சிலேட்டில் ரெண்டு ஆக்சிஜனும் சரிபாதி. "உடனிசைவு வடிவம் (சுமை இப்படிப் பரவுறதைக் காட்ட வரையுற அமைப்பு) ஃபீனாக்சைடுக்குத்தான் அதிகம், அதனால அதுதான் வலுவான அமிலம்"னு எழுதி மார்க்கை விடுறவங்க ஏராளம். சுமை கார்பன்மேல நிக்கிற வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது.

இப்ப பொங்குற சங்கதி. பைகார்பனேட் புரோட்டானை வாங்கினா வர்றது கார்பானிக் அமிலம், அதோட பி.கே.ஏ. 6.35. அதைவிடக் குறைஞ்சதுதான் கார்பன் டை ஆக்சைடை விறுவிறுன்னு வெளியேத்தும். 7.15 அதுக்குக் கொஞ்சம் மேல. ஆனா பைகார்பனேட் கரைசலோட பி.எச். 8.3 பக்கம், அதுல கரைஞ்ச நைட்ரோஃபீனால் பெரும்பாலும் மஞ்சள் ஃபீனாக்சைடா மாறிடும். ஒண்ணு ரெண்டு குமிழி மெதுவா வந்தாலும் அது 'நுரைத்துப் பொங்குதல்' ஆகாது.

ராதாபுரத்தான்
செய்முறையில் கவனிக்க வேண்டியது: 2 மி.லி. நிறைவுற்ற பைகார்பனேட் கரைசலில் ஒரு சிட்டிகை பொருள் போதும். காய்ஞ்ச பொடி விழும்போது கூடவே காத்துக்குமிழியும் கிளம்பும், உடனே அடங்கிடும். உண்மையான வினைன்னா படிகத்து மேலிருந்து தொடர்ந்து வரும். சூடாக்கவே கூடாது, பைகார்பனேட் தானே சிதைஞ்சு வாயு விடும். அனிலீன் ஹைட்ரோகுளோரைடும் பொங்கும். அதை கார்பாக்சிலிக்னு எழுதிடாதீங்க.

ஃபீனால் இருந்தா ஊதா நிறம் காட்டுற ஃபெரிக் குளோரைடு சோதனைக்கு வாலை வடிநீர்தான். எங்க பக்கத்துப் போர்த் தண்ணி மாதிரி உப்புத் தண்ணியில் கரைச்சா பழுப்பு வீழ்படிவு வந்து ஊதா நிறம் தெரியாது.

பாளை_பிளஸ்டூ
நன்றி அண்ணாச்சி. அப்ப சாலிசிலிக் அமிலம் பொங்கவும் செய்யுது, ஊதாவும் காட்டுதே?

வண்ணார்பேட்டை_வேதி
கார்பாக்சிலிக், ஃபீனால் ஓ.எச். ரெண்டு தொகுதியும் இருக்கே, ரெண்டும் காட்டும். அதோட பி.கே.ஏ. 2.97, பென்சாயிக்கையே மிஞ்சிடும். பக்கத்திலேயே இருக்கிற ஓ.எச். ஹைட்ரஜன் பிணைப்பால கார்பாக்சிலேட்டைத் தாங்கிப் பிடிக்குது. அதே ஓ.எச்.ஐ பாராவுக்குத் தள்ளினா அந்தப் பிடிப்பு எட்டாது. எலக்ட்ரான் தர்ற குணம் மட்டும் மிஞ்சி 4.5 பக்கம் ஏறிடும், பென்சாயிக்கைவிட வலு குறைஞ்சதா.