வேலை அனுபவம் இல்லாமல் சர்வர் நிர்வாகச் சான்றிதழுக்குப் படிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நான் வேறொரு துறையில் பணியாற்றிக்கொண்டு, மாலை நேரங்களில் காம்ப்டியா அமைப்பு நடத்தும் சர்வர் பிளஸ் என்ற சர்வர் நிர்வாகத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். கணினித் துறையில் இதுவரை வேலை பார்த்ததில்லை. புத்தகத்தில் உள்ளவை புரிகின்றன. பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறையில், ரெய்டு 5 ஒரு வட்டின் பழுதைத் தாங்கும், ரெய்டு 6 இரண்டைத் தாங்கும் என்று கேட்டவுடன் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு வட்டு உண்மையிலேயே பழுதானால் நிர்வாகியின் திரையில் முதலில் என்ன தெரியும், அவர் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாதிரி வினாக்களில் நல்ல மதிப்பெண் வருகிறது. அந்த மதிப்பெண்ணின் மீது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இத்தேர்வுக்கு இரண்டு ஆண்டு நேரடி அனுபவம் பரிந்துரைக்கப்படுகிறது. அது இல்லாதவர் எழுதலாமா? எழுதலாம் என்றால், 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரே ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த அனுபவத்தில் எவ்வளவு தூரத்தை ஈடு செய்ய முடியும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

தாராளமாக எழுதலாம். இரண்டு ஆண்டு என்பது பரிந்துரை மட்டுமே. பதிவு செய்யும்போது யாரும் அனுபவச் சான்று கேட்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தை நிர்வகிப்பதற்கான, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்கும் லினக்ஸ் அறக்கட்டளையின் எல்எஃப்சிஎஸ் தேர்வுக்கும் இதே நிலைதான்.

ஆயினும் உங்கள் ஐயம் நியாயமானது. அது நீங்கள் தேர்ந்தெடுத்த தேர்வின் அமைப்போடு தொடர்புடையது. சர்வர் பிளஸ் தேர்வு 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 வினாக்களைக் கொண்டது. செய்முறை வினாக்கள் சில இருந்தாலும் பெரும்பகுதி விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆர்எச்சிஎஸ்ஏ அப்படியல்ல. இயங்கும் கணினிகளை உங்களிடம் ஒப்படைத்து, இன்னின்ன வேலைகளைச் செய்து முடியுங்கள் என்கிறார்கள். இணையம் கிடையாது, அந்த இயங்குதளத்துடன் வரும் உதவிப் பக்கங்களை மட்டும் பார்க்கலாம். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் செய்த அமைப்புகள் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை.

வேலை அனுபவம் இல்லாதவர்களுக்கு இந்த இரண்டாவது வகைத் தேர்வையே நான் பரிந்துரைப்பேன். கடினமானது என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் பணியனுபவம் இல்லாதவரின் சான்றிதழைப் பார்ப்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, “இவர் படித்தவரா, செய்தவரா?” என்பதுதான். செய்து காட்டித் தேறும் தேர்வு அந்தக் கேள்விக்குத் தானே பதிலாகிவிடுகிறது. சர்வர் பிளஸ் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஆர்எச்சிஎஸ்ஏ மூன்று ஆண்டுகளே செல்லும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

மடிக்கணினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 8 ஜிபி போதும். ஒரே கணினிக்குள் மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, வரைகலை இடைமுகம் இல்லாத இரண்டு மெய்நிகர் கணினிகளை, ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி கொடுத்து அமையுங்கள். ரெட் ஹேட் லினக்ஸை ஒத்த ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் இரண்டும் இலவசம். ரெட் ஹேட் லினக்ஸே வேண்டுமென்றால், தனிநபர் டெவலப்பர் சந்தாவின் கீழ் 16 கணினிகள் வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். விண்டோஸ் சர்வர் பக்கம் போக விரும்பினால் அதன் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாட்கள் இயங்கும்.

நீங்கள் கேட்ட வட்டுப் பழுதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மெய்நிகர் கணினியில் 1 ஜிபி அளவுள்ள நான்கு கூடுதல் வட்டுகளைச் சேருங்கள். லினக்ஸில் ரெய்டை அமைக்கும் எம்டிஏடிஎம் கருவியைக் கொண்டு மூன்றை ரெய்டு 5 ஆக இணைத்து, நான்காவதை ஹாட் ஸ்பேராக, அதாவது காத்திருக்கும் மாற்று வட்டாக விடுங்கள். அதன் மீது கோப்பு முறைமை அமைத்துச் சில கோப்புகளை எழுதிய பிறகு, அதே கருவியால் ஒரு வட்டைப் பழுதானதாக அறிவியுங்கள். ஹாட் ஸ்பேர் தானாக உள்ளே வந்து மறுகட்டமைப்புத் தொடங்குவதை, ரெய்டின் நிலையைக் காட்டும், ப்ராக் அடைவிலுள்ள எம்டிஸ்டாட் கோப்பில் விழுக்காட்டுடன் காணலாம். அது முடிந்த பின் இன்னொன்றைப் பழுதாக்குங்கள். இப்போது மாற்று வட்டு இல்லை. ஆனாலும் கோப்புகளைத் திறக்க முடியும், எழுத முடியும். பயனர் எவருக்கும் எதுவும் தெரியாது. இந்த நிலையில் மூன்றாவதாக ஒன்று போனால் தரவு முழுவதும் போய்விடும். ஆகவே பழுதடைந்த வட்டைக் கண்டறிந்து மாற்றுவதற்கு முன், அந்தத் தொகுதியில் வேறு எந்த மாற்றமும் செய்யக் கூடாது. காப்புநகல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. எதைச் செய்யவே கூடாது என்று கேட்டீர்களே, நலமாக உள்ள வட்டைத் தவறுதலாகக் கழற்றுவதுதான் அது. வரிசை எண்ணை ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மெய்நிகர் வட்டிலும் வந்துவிட வேண்டும்.

அடுத்து, கணினி தொடங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு. புதிய வட்டு ஒன்றை அதில் சேர்க்கும்போது வேண்டுமென்றே அடையாள எண்ணைப் பிழையாக எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். கணினி முழுமையாக எழாமல் அவசரகால நிலையில் நின்று, ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அங்கிருந்து மீட்டெடுங்கள். பிறகு ரூட் கடவுச்சொல்லே தெரியாது என்று வைத்துக்கொண்டு மீட்டெடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன், மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் அச்சமின்றிக் கெடுக்கலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்திருங்கள். சரிசெய்யும் வழியைத் தேடி அலையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் உண்மையான கல்வி நடக்கிறது.

எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பான எஸ்ஈலினக்ஸைப் பலர் அணைத்துவிட்டுப் பயில்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி மென்பொருளை, வழக்கமான போர்ட்டுக்கு (பிணைய வாசல் எண்) பதிலாக 82ஆம் போர்ட்டில் இயக்க முயன்று பாருங்கள். அமைப்புக் கோப்பு சரியாக இருந்தும் சேவை தொடங்க மறுக்கும். பதிவேடுகளைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தப் போர்ட்டை முறைப்படி அனுமதித்து, பிணையத் தடுப்பான ஃபயர்வாலிலும் நிரந்தரமாகத் திறந்து, வேறொரு கணினியிலிருந்து பக்கம் தெரிகிறதா என்று சரிபார்க்கும்போது, புத்தகத்தில் நான்கு தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை ஒரே வேலையின் நான்கு பகுதிகள் என்பது விளங்கிவிடும்.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. வீட்டுப் பயிற்சியால் ஈடுசெய்ய முடியாத பகுதி ஒன்று உண்டு. உங்கள் மெய்நிகர் சர்வரை நம்பி யாரும் இல்லை. பணியிடத்தில் ஒரு சேவையை நிறுத்த வேண்டுமானால் யாரிடம் ஒப்புதல் பெறுவது, எந்த நேரத்தில் நிறுத்துவது, திட்டப்படி நடக்கவில்லையெனில் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்பவற்றை எழுதிக் கொடுத்த பிறகே விசைப்பலகையைத் தொட முடியும். ஆகவே சான்றிதழ் கிடைத்தவுடன் நிர்வாகிப் பணியையே எதிர்பார்க்காமல், பயனர் உதவிப் பணி போன்ற நுழைவு நிலையையும் ஏற்க மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்குமுறைகளை அங்கேதான் கற்க முடியும்.

கசிந்த வினாத்தாள் தொகுப்புகளை எக்காரணம் கொண்டும் நாட வேண்டாம். தேர்வு ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சான்றிதழே ரத்தாகலாம் என்பது ஒருபுறம். நேர்முகத் தேர்வில், “நீங்கள் சரிசெய்த ஒரு பழுதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் அந்தத் தொகுப்புகளில் விடை இருக்காது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. எம்டிஏடிஎம் பயிற்சியை நேற்றே செய்து பார்த்தேன்; பழுதான பின்னும் கோப்புகள் திறந்தன என்பது எனக்கு வியப்பாகவும், யாருக்கும் தெரியாமல் ஆபத்தில் இயங்க முடியும் என்பது கவலையாகவும் இருந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். தேர்வுக்குத் தயாராகிவிட்டேன் என்பதை எப்படி அறிவது? சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் டெல்லின் ஐடிராக், எச்பிஈயின் ஐஎல்ஓ போன்ற வன்பொருள் சார்ந்தவற்றுக்கு மெய்நிகர் கணினியால் பயன் உண்டா?

இரண்டாம் பதிலை எழுதியவர்

வியப்பைவிட அந்தக் கவலைதான் முக்கியம். அதைப் போக்கத்தான் கண்காணிப்பு இருக்கிறது. எம்டிஏடிஎம் கருவியே ஒரு வட்டு பழுதானவுடன் மின்னஞ்சல் அனுப்பும்படி அமைக்க முடியும். அடுத்த பயிற்சி அதுவாகட்டும்.

வன்பொருளுக்கு மெய்நிகர் கணினி உதவாது. டெல், எச்பிஈ நிறுவனங்கள் தங்கள் சர்வர்களின் பராமரிப்புக் கையேடுகளைப் பொதுவில் வைத்துள்ளன. வட்டுத் தட்டின் விளக்கு எந்த நிறத்தில் எப்படி மின்னினால் என்ன பொருள், எதை இயங்கும்போதே கழற்றலாம், எதற்கு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பவை படங்களுடன் இருக்கும். ஒரு மாதிரியின் கையேட்டையாவது முழுவதும் படியுங்கள். ஐடிராக், ஐஎல்ஓ இரண்டும் இயங்குதளம் எழாத நிலையிலும் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவும் மின்சாரத்தை இயக்கவும் உதவும் தனிச் சிறு கணினிகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எல்லாம் இலகுவாகப் புரியும்.

தயார்நிலைக்கு மாதிரி வினா மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிதாக நிறுவிய கணினியில், தேர்வு நோக்கங்களின் பட்டியலிலிருந்து வேலைகளை எடுத்து, நேரம் குறித்துச் செய்யுங்கள். மறந்துபோன கட்டளையை, மேன் பக்கங்கள் எனப்படும் உதவிப் பக்கங்களில் தேடுங்கள். எஸ்ஈலினக்ஸ் கோப்புச் சூழலை அமைக்கும் செமேனேஜ் கட்டளையின் பக்கத்தின் இறுதியில் எடுத்துக்காட்டே தரப்பட்டிருக்கிறது, அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் முடிந்ததும் மறுதொடக்கம் செய்து, ஒவ்வொரு சேவையும் நீங்கள் தொடாமலே எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு நாட்களில் தொடர்ந்து இது சரியாக அமைந்தால் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். அதுவரை நீங்கள் கெடுத்துச் சரிசெய்த ஒவ்வொன்றையும், அறிகுறி, காரணம், செய்த திருத்தம் என்ற வரிசையில் நாளிட்டு எழுதி வாருங்கள். மூன்றாம் பதிலில் நண்பர் குறிப்பிட்ட அந்த நேர்முகக் கேள்விக்கு அதிலிருந்தே விடை சொல்லலாம்.