உயரம் இறக்கிய க்ரூசர் பைக்கில் பின்பக்க ஷாக்: நீளமா, தரமா?

குட்டைக்கால்: என் க்ரூசரை முன்பு வைத்திருந்தவர் பின்னால் 13 அங்குல ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு 11 அங்குலம் மாட்டியிருக்கிறார். பார்க்க அம்சமாக இருக்கிறது, நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிகிறது. ஆனால் வேகத்தடையில் இறங்கும்போது 'டங்' என்று ஒரு அடி, நேராக முதுகில் ஏறுகிறது. ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அமைப்பை, கடைசிப் பல் வரை திருகியாச்சு. அதே நீளத்தில் நல்ல ஷாக் போட்டால் தீருமா?

ஸ்பேனர்சாமி: தீராது. மேடு தரும் ஆற்றலை ஷாக் எங்காவது விழுங்கியாக வேண்டும். ஓட்டம் (ஷாக் அமுங்கும் தூரம்) பாதியானால் அதே அடியைத் தாங்க சராசரியாக இரண்டு மடங்கு விசை வேண்டும். ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்கினால் சிறு குழி எல்லாம் குத்தும், இளக்கினால் அடிவரை போய் தடுப்பு ரப்பரில் முட்டும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 13-க்கே திரும்புங்கள்.

தாழ்வண்டி: கணக்கு சரி, முடிவு தப்பு. மலிவான குட்டை ஷாக்கில் டேம்பிங் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்குவது) பெயருக்குத்தான். அமுங்கிய ஸ்ப்ரிங் அப்படியே எகிறும், அது அடங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்ப்ரிங்கும் ஒழுங்கான ரீபவுண்டும் (ஸ்ப்ரிங் மீளும்போது அடக்கும் டேம்பிங்) இருந்தால் 11 அங்குலத்திலேயே வண்டி வேறு மாதிரி ஓடும். அப்புறம், பின்னால் உயர்த்தினால் முன் ஃபோர்க் செங்குத்தாகி ட்ரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும், நேர்ப்பாதை நிதானமும் கொஞ்சம் போகும். சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?

ஸ்பேனர்சாமி: ட்ரெயிலா? வண்டி வடிவமைக்கப்பட்டதே 13-க்கு! குறையவில்லை, பழைய இடத்துக்கு வருகிறது. வளைவில் ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) தரையில் உரசுவதும் குறையும்.

குட்டைக்கால்: சரி, ஆனால் எனக்குக் கால் எட்ட வேண்டுமே. இரண்டு அங்குலம் சும்மாவா?

ஸ்பேனர்சாமி: முழு இரண்டும் இருக்கைக்கு வராது. இருக்கை பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ஓட்டம் கூடிய ஷாக் நீங்கள் உட்கார்ந்ததும் கூடுதலாக அமுங்கவும் செய்யும். இன்னும் உறுத்தினால் 12-ல் நில்லுங்கள், இருக்கை ஃபோமைக் கொஞ்சம் செதுக்குங்கள்.

தாழ்வண்டி: ஃபோமைச் செதுக்கினால் முதுகு மறுபடி அடி வாங்கும். அழகான தீர்வு!

எண்ணெய்க்கை: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அளந்து பாருங்கள். தண்டு வெளியே தெரியும் ஷாக்காக இருந்தால் அதில் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) கட்டி ஓட்டுங்கள். எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் அமுங்கிய அளவு. பிறகு நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை என்றால் ஸ்ப்ரிங் ஏறக்குறைய சரி. ப்ரீலோடு கடைசிப் பல்லில் இருந்தும் அதைவிட இறங்கினால் ஸ்ப்ரிங்கே இளசு. ப்ரீலோடு தொடங்கும் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்காது.

இன்னொன்று, தாழ்வண்டிக்கு. ஒரே நீளம் என்றால் ஒரே ஓட்டம் இல்லை. ஓட்டம் கூடிய 11 அங்குல ஷாக் முழுக்க அமுங்கும்போது டயர் மட்கார்டின் உள்பக்க போல்ட்டில் உரசலாம். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மாட்டி, சக்கரத்தைக் கையால் மேலே தூக்கிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

தாழ்வண்டி: இதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி 11-தான்.

ஸ்பேனர்சாமி: பில்லியனில், அதாவது பின் இருக்கையில், யாராவது ஏறுகிறார்களா இல்லையா? ஏறினால் 11-ஐ மறந்துவிடுங்கள்.

குட்டைக்கால்: வாரம் முழுக்க ஏறுகிறார்கள். ஜிப் டை கட்டிவிட்டேன். அளவு வந்ததும் போடுகிறேன், 12-க்கு நல்ல ஷாக் எது என்று அதுவரை அடித்துக்கொள்ளுங்கள்.