செகண்டரி மட்டும் ஊத்தினாலும் பேண்ட் வருது, என்ன செய்ய?

பாளை_லேப்பு:
மவுஸ் லிவர் லைசேட்ல (லிவர அரைச்சுக் கரைச்சது) வெஸ்டர்ன் ப்ளாட் பண்ணுதேன், அதாவது புரோட்டீன ஜெல்லுல அளவுப்படி பிரிச்சு, மெம்ப்ரேனுக்கு மாத்தி ஆன்டிபாடியால தேடுதது. என் புரோட்டீன் 52 கிலோடால்டன், பிரைமரி (புரோட்டீனப் புடிக்குத ஆன்டிபாடி) மவுஸ் மோனோக்ளோனல், செகண்டரி (பிரைமரியப் புடிக்குத ஆன்டிபாடி) ஆட்டுல எடுத்த ஆன்டி-மவுஸ் எச்ஆர்பி (பேண்டக் காட்டுத என்சைம் ஒட்டினது), 1:5000. 50 பக்கத்துல தடியா ஒரு பேண்ட், 25-ல இன்னொண்ணு. சந்தேகப்பட்டு மெம்ப்ரேன ரெண்டா நறுக்கி ஒரு பாதிக்கு பிரைமரியே காட்டாம செகண்டரி மட்டும் ஊத்திப் பாத்தா அதுலயும் அதே ரெண்டு பேண்ட் நிக்கி. லேப்புல எல்லாரும் செகண்டரி கெட்டுப்போச்சு, புதுசு வாங்குங்காவ. நெசமாவா?

வண்ணாரப்பேட்டை_வாசி:
வாஷ் பத்தல. ட்வீன் (சோப்பு மாதிரி) 0.1% போட்டு 10 நிமிசம் மூணு தடவ கழுவுங்க, செகண்டரிய 1:20000 ஆக்குங்க, போயிரும்.

தென்காசி_அண்ணாச்சி:
கழுவுனா போற பேண்ட் இல்ல வே அது. பேக்ரவுண்டு கருப்படிச்சுக் கெடந்தா நீரு சொல்லுதது சரி, இங்க 50, 25-னு அளவெடுத்தாப்ல நிக்கில்லா. ஐஜிஜி-ங்குத ஆன்டிபாடியோட ஹெவி செயினும் (50) லைட் செயினும் (25). லிவர்ல ரத்தம் இருக்கும், ரத்தத்துல மவுஸோட சொந்த ஐஜிஜி இருக்கும், ஆன்டி-மவுஸுக்கு அது எலியோடதா நாம ஊத்துனதான்னு எப்படித் தெரியும், ரெண்டையும் புடிக்கும். செகண்டரி கெடல தாயி, அதே கம்பெனியில புதுசு வாங்குனாலும் இதே பேண்ட்தான் வரும், துட்டுதான் தெண்டம். முயல்ல எடுத்த பிரைமரி கெடைக்கான்னு பாரு. அதுக்கு ஆன்டி-ராபிட் வாங்கும்போது மவுஸ் ஐஜிஜிக்கு எதிரா கிராஸ்-அட்ஸார்ப் பண்ணுனதான்னு (அதப் புடிக்குதத கழிச்சு எடுத்ததான்னு) டேட்டாஷீட்டப் பாத்துட்டு ஆர்டர் போடு. அடுத்த தடவ லிவர் எடுக்கும்போது பிபிஎஸ் (உப்புக் கரைசல்) விட்டு ரத்தத்த நல்லா வடிச்சிரு, முழுசா போகாது, ஆனா குறையும்.

பாளை_லேப்பு:
அண்ணாச்சி, முயல் பிரைமரி வாங்க கிராண்ட்ல காசு இல்ல, கைடுட்ட கேக்கவும் பயமா இருக்கு. இருக்கத வச்சு ஏதாவது?

அம்பை_அக்கா:
லைட் செயின மட்டும் புடிக்க ஆன்டி-மவுஸ் செகண்டரி தனியா விக்காங்க, அது முயல் பிரைமரிய விட சல்லிசா முடியும். உன் ஜெல் ரெடியூசிங்தானே (ரெண்டு செயினும் தனித்தனியா பிரிஞ்சு ஓடுதது), அப்போ 50-ல உள்ளது காணாமப் போயிரும், 25-ல உள்ளது இருந்துட்டுப் போவட்டும், உனக்கு வேண்டியது 52. பிரைமரியில நேரா எச்ஆர்பி ஒட்டுத கிட்டும் இருக்கு, ஆனா குப்பியில பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்), அசைடு (கெடாம இருக்கப் போடுதது) கலந்திருந்தா சரியா ஒட்டாது, ஒட்டினாலும் சிக்னல் கம்மியாத்தான் வரும், ஏன்னா ஒரு பிரைமரி மேல நாலஞ்சு செகண்டரி போய் உக்காருதது அதுல கிடையாது. எந்த வழிக்குப் போனாலும் செகண்டரி மட்டும் ஊத்துத அந்தத் துண்ட விட்ராத, நிறைய பேரு அதப் பண்ணாமலே பேப்பருக்குப் படம் போடுதாவ.

வண்ணாரப்பேட்டை_வாசி:
சரி அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். ஆனா என் லேப்புல ஆட்டு பிரைமரி, ஆன்டி-கோட் செகண்டரி. மெம்ப்ரேன் முழுக்க கருப்பு. அதுக்கும் இதே கதையா?

தென்காசி_அண்ணாச்சி:
மெம்ப்ரேன்ல வெத்து எடத்த மூட எதுல வே ப்ளாக் பண்ணுதீரு? பால் பவுடரா? பால்ல மாட்டு ஐஜிஜி இருக்கும், ஆடும் மாடும் சொந்தக்காரன், ஆன்டி-கோட் அதையும் சேத்துப் புடிக்கும். பிஎஸ்ஏ-லயும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். மீன் ஜெலட்டின்ல ப்ளாக் பண்ணிப் பாரும்.

அம்பை_அக்கா:
இன்னொண்ணு, கெட்டுப்போவாம இருக்கட்டும்னு எச்ஆர்பி செகண்டரிய அசைடு போட்ட பஃபர்ல கலக்கி வச்சிராதீங்க, அசைடு எச்ஆர்பி-யயே முடக்கிரும், அப்புறம் பேண்டே வரலன்னு இங்க வந்து நிப்பீங்க.

பாளை_லேப்பு:
லைட் செயினுக்கு கொட்டேஷன் கேட்டு மெயில் போட்டுட்டேன் அக்கா. வர வரைக்கும் எதையும் ஓட்டல.