யாழ்ப்பாணப் பிட்டு: ‘அவித்த கோதுமை மா’ என்றால் என்ன?

என் மாமியார் யாழ்ப்பாணம், நான் மதுரை. அவர் எழுதிவைத்துவிட்டுப் போன நோட்டைப் பார்த்து இரண்டு வாரத்தில் மூன்று முறை பிட்டு செய்தேன். மூன்றும் பாழ்.

குறிப்பு இவ்வளவுதான்: “அவித்த கோதுமை மா இரண்டு சுண்டு. உப்பு, கொதிநீர் விட்டுக் குழைத்து, பேணியால் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அவிக்கவும்.”

தேங்காய்ப்பூ என்றதும், தள்ளுவண்டியில் விற்பார்களே, முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் பூ, அதைத் தேடி அலைந்தேன். துருவிய தேங்காய்தான் என்று கணவர் சிரித்தார். பேணி என்பது தகரக் குவளை, நீத்துப்பெட்டி பனையோலையில் முடைந்த கூம்பு என்பதும் அவர் சொன்னதே. அது என்னிடம் இல்லை. இட்லிப் பானையில் துணி விரித்து வைக்கிறேன். மா விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது. சாப்பிடத்தான் தெரியும்.

முதலில் சப்பாத்தி மாவைப் பச்சையாகப் பிசைந்தேன்: பசை. அடுத்து வறுத்துப் பிசைந்தேன்: கல். வெந்நீரைக் குறைத்தபோது உள்ளே வேகவே இல்லை. இலங்கையில் கோதுமை மா என்றால் நம் மைதா என்று நேற்றுத்தான் தெரிந்தது. அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் முட்டையை அவிப்போம், இட்லி அவிப்போம். உலர்ந்த மாவை அவித்து நான் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்லுங்கள்: மைதாவைத் தண்ணீர் தொடாமல் அப்படியே துணியில் கட்டி எவ்வளவு நேரம் ஆவியில் வைக்க வேண்டும்?