காலை 8.15 மணிக்கு விழுந்த வழங்கி

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த இணையச் செயலி, ஏறக்குறைய ஒரு மாத காலம் ஒவ்வொரு வேலை நாளிலும் காலை 8.15 மணியளவில் செயலிழந்தது. திரையில் தெரிந்ததெல்லாம் தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரிதான். ஆகவே நான் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லையே சந்தேகித்தேன். "தம்பி, கடை திறக்கிற நேரம் பார்த்துத்தான் இது படுத்துப் போகுது" என்று முதலாளி தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், முழு வழங்கியையும் (சர்வர்) மறுதொடக்கம் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். இயங்குதளத்தின் மையமான கேர்னல் நினைவகத்தில் வைத்திருந்த செய்திகளை ஒவ்வொரு தடவையும் நானே அழித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு, மறுதொடக்கம் செய்யாமல் பதிவேடுகளைப் பார்த்தேன். 8.15க்கு அருகில் எதுவுமே இல்லை. வழங்கி யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது, இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறது என்பதை நினைத்துக்கொண்டு 2.45ஐத் தேடியபோது, 'அவுட் ஒஃப் மெமரி' (நினைவகம் தீர்ந்துவிட்டது) என்று தொடங்கி, மைஎஸ்கியூஎல் கொல்லப்பட்டதைச் சொல்லும் வரி அங்கே இருந்தது. நினைவகம் முற்றாகத் தீரும்போது வழங்கியின் இயங்குதளமான லினக்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றை, அதாவது ஒரு செயல்முறையைப் பலியிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. பெரும்பாலும் தனியொன்றாக அதிக இடம் பிடித்திருப்பதையே அது தெரிவுசெய்கிறது. எங்கள் வழங்கியில் அப்படி இருந்தது தரவுத்தளம்.

அப்படியானால் நினைவகத்தைத் தின்றது எது? வெட்கத்தோடு எழுதுகிறேன், அது என் கைவேலைதான். முந்தைய ஆண்டில் விலைப்பட்டியல் அறிக்கை பாதியில் நின்றபோது, செயலியை எழுதிய மொழியான பிஎச்பியின் மெமரி லிமிட்டை (நிரல் ஒன்று எடுக்கக்கூடிய நினைவகத்தின் உச்ச எல்லை) 128 மெகாபைட்டிலிருந்து 512 ஆக உயர்த்தி, அறிக்கை வந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். சாதாரண நேரத்தில் 40 மெகாபைட் எடுக்கும் ஒரு பிஎச்பி செயல்முறை, அந்த அறிக்கையைத் தயாரிக்கும்போது 300ஐத் தொட்டது. கடை திறந்ததும் விற்பனைப் பிரதிநிதிகள் ஆறு பேர் ஒரே நேரத்தில் அதைத் திறந்தால் 1800 மெகாபைட். வழங்கியில் இருந்ததோ, தரவுத்தளத்துக்கும் சேர்த்து, 2 ஜிகாபைட். அறிக்கையை முழுவதாக நினைவகத்தில் ஏற்றாமல் வரிவரியாக வாசித்து அனுப்பும்படி மாற்றி எழுதினேன். மெமரி லிமிட்டைப் பழையபடி 128க்கு இறக்கினேன். ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பிஎச்பி செயல்முறைகளின் எண்ணிக்கையையும் 50இலிருந்து 12 ஆகக் குறைத்தேன். அதன் பிறகு காலைத் தொலைபேசி வரவில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, எங்கள் அலுவலகத்திலும் காரணம் ஓரிடத்தில், அறிகுறி வேறோரிடத்தில் என்ற கதைதான். திறந்த கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்ற பிழையோடு செயலி இரண்டு நாளுக்கு ஒரு முறை நின்றது. 1024 என்ற எல்லையைப் பயனர் அமைப்பில் உயர்த்தினோம், பலனில்லை; லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும் சேவைக்கு அந்த அமைப்பு செல்லாது, சேவைக் கோப்பிலேயே எழுத வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது. சரியாக எழுதிய பின்னும் செயலி நிற்கவே செய்தது, ஆனால் பத்து நாளுக்கு ஒரு முறை. வெளிச் சேவை ஒன்றுக்குத் திறந்த இணைப்புகளை எங்கள் நிரல் மூடாமலே விட்டிருந்தது; லினக்ஸ் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணும். எல்லையை உயர்த்தியதால் நாங்கள் வாங்கியது அவகாசம் மட்டுமே.

கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொன்று:

நாங்கள் விண்டோஸில் ஐஐஎஸ் என்னும் இணைய வழங்கி மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை செயலி வீழ்ந்தால் ஐஐஎஸ் அந்தச் செயலி ஓடும் தொகுதியான அப்ளிகேஷன் பூலையே நிறுத்திவிடும்; பிறகு வருபவர்களுக்கெல்லாம் 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற பிழைதான். அந்த எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம் என்று ஒரு சகபாடி யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். விண்டோஸின் பதிவேடுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தபோது, ஐந்து வீழ்ச்சிகளுக்கும் ஒரே பிழை பதிவாகியிருந்தது: தன்னைத்தானே முடிவின்றி அழைத்துக்கொண்ட ஒரு சார்பு (பங்ஷன்).

புறக்கோட்டை அனுபவத்தை எழுதியவருக்கு ஒரு கேள்வி: ஸ்வொப் (நினைவகம் தீரும்போது கைகொடுக்கும், ஆனால் மெதுவான வட்டு இடம்) வைத்திருந்தீர்களா?

அவருடைய பதில்:

இல்லை. இப்போது 1 ஜிகாபைட் வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்வொப் மாத்திரம் வைத்து அறிக்கையைத் திருத்தாமல் விட்டிருந்தால், 8.15க்கு விழுந்த வழங்கி 8.15இலிருந்து 9 மணி வரை தவழ்ந்திருக்கும். முதலாளி அதற்கும் அழைத்திருப்பார்.